தளம் போட்டாச்சு, கைப்பிடிச் சுவர் இன்னும் வரல

போன செவ்வாய்க்கிழமை காலைல ஆறேகால் மணி இருக்கும், காட்பாடி பக்கத்துல நான் பாத்துகினு இருக்கற சைட்டுக்கு சீக்கிரமே போயிட்டேன், அன்னிக்கு கம்பி லோடு வர்றதா இருந்துச்சு. எதிர் வரிசைல ஒரு வீடு, அது எங்க வேலை இல்ல, மூணு நாள் முன்னாடி தான் அங்க மாடி தளம் போட்டாங்க. அந்த வீட்டுக்கார அக்கா மேல நின்னு தண்ணி விட்டுகினு இருந்தாங்க. நைட்டி மேல ஒரு துண்டு, கால்ல ரப்பர் செருப்பு, கைல பச்சை டியூப். புதுக் கான்கிரீட் காஞ்சு போகாம இருக்க தளத்து மேல கட்டின பாத்தி ஒவ்வொண்ணா ரொப்பிட்டு டியூபை இழுத்துகினே பின்னாடியே நடந்து வர்றாங்க. பின்னாடி ஒண்ணுமே இல்ல. சுவர் இல்ல, கம்பு இல்ல, ஒரு கயிறு கூட இல்ல.

"அக்கா, அப்டியே நில்லுங்க"ன்னு கத்திட்டேன். அவங்க திடுக்குனு திரும்பி இருந்தா என்னா ஆகியிருக்கும்னு அப்புறமா நெனச்சு எனக்கு கை நடுங்கிச்சு, நல்லவேளை அப்டியே நின்னாங்க. மேல ஏறிப் போய் பாத்தா குதிகாலுக்கும் தளத்து ஓரத்துக்கும் ஒரு ஒன்னரை அடி தான் இருந்துச்சு. "இன்னாம்மா ஆச்சு, ஏன் கத்தின?"ன்னு கேக்கறாங்க. காட்டினேன். பாத்தாங்க. "நான் தினம் ரெண்டு வேளை ஊத்தறேனே"ன்னு மெதுவா சொன்னாங்க, அதுக்கு மேல பேசல.

அன்னிலேர்ந்து இத எழுதணும்னு இருக்கேன். வீடு கட்றவங்க, கட்டப் போறவங்க, மேஸ்திரிங்க, என்னை மாதிரி சைட் பாக்கற பசங்க பொண்ணுங்க யார் படிச்சாலும் சரி. நான் பேசப் போறது தற்காலிக கைப்பிடி பத்தி, அதாவது வேலை நடக்கற வரைக்கும் ஓரத்துல கட்டி வெச்சு, அப்புறம் கழட்டிடற தடுப்பு. பெரிய அபார்ட்மெண்ட் சைட்ல "கார்ட் ரெயில்"னு சொல்லுவாங்க. நம்ம ஊர் தனி வீட்டு வேலைல அதுக்கு ஒரு பேரே கெடையாது, ஏன்னா யாரும் கட்றதே இல்ல.

நான் ஏன் இதுல இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னா எங்க நைனா. அவரு மேஸ்திரி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, இந்தப் பக்கம் வேலூர் வரைக்கும் வீடு கட்டுனவரு. 2011-ல நான் ஸ்கூல் படிச்சுகினு இருக்கும்போது ஒரு வீட்டு மாடில கைப்பிடிச் சுவருக்கு நூல் புடிச்சு மார்க் பண்ணிகினு இருந்தாரு. ஆமா, கைப்பிடிச் சுவருக்கே தான். ஒரு முனைய சித்தாள் கைல குடுத்துட்டு நூலை இழுத்துகினே பின்னாடி போனாரு, கண்ணு பூரா நூல் மேல. கீழ ஜல்லி குவியல். ரெண்டு காலையும் ஊனி விழுந்தாரு, 11 அடி. எட்டி வெளில பாத்த சித்தாள் அக்காவுக்கு மொதல்ல சத்தமே வரலையாம்.

குதிகால் எலும்பு ரெண்டு காலும் நொறுங்கிப் போச்சு, இடுப்புக்கு மேல முதுகெலும்புல ஒண்ணு நசுங்கிச்சு. நின்ன வாக்குல விழறவங்களுக்கு இந்த ரெண்டும் சேந்து வர்றது உண்டாம், குதிகால் ஒடஞ்சு வந்தா டாக்டருங்க முதுகையும் பாக்கறது அதனால தான்னு அப்போ ஒரு நர்ஸ் அக்கா சொன்னாங்க. எட்டு மாசம் வீட்ல. அம்மா பீடி சுத்துனாங்க, நான் லீவுல ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வேலை குடுத்த காண்ட்ராக்டர் ஒரு நாள் பழம் வாங்கிகினு வந்தாரு, கொஞ்சம் பணம் குடுத்தாரு, போகும்போது "பாத்து வேலை செய்யக் கூடாதாண்ணா"ன்னாரு. நைனா தலைய ஆட்டிகினாரு. அவருக்கே அது தன் தப்புன்னு தான் இன்னிக்கு வரைக்கும் நெனப்பு, எத்தனையோ தடவை சொல்லிட்டேன் மாறல.

இந்த "பாத்து" தான் எனக்கு ஆகவே ஆகாத வார்த்தை. சைட்ல நாள் பூரா காதுல விழும், பாத்து போ, பாத்து ஏறு, பாத்து நட. நூல் புடிக்கறவன் கண்ணு நூல்ல தான் இருக்கணும், இல்லன்னா சுவர் கோணும். தண்ணி விடறவங்க தண்ணியத் தான் பாப்பாங்க. கான்கிரீட் போட்டு மட்டக்கட்டை இழுக்கறவரு குனிஞ்சு மட்டத்தைப் பாத்துகினே பின்னாடி தான் நகரணும், முன்னாடி நகந்தா போட்டது பூரா மிதிபட்டுடும். ஓரத்துல நின்னு கப்பி கயித்துல பாண்டு, அதாவது கலவைச் சட்டி, இழுக்கறவரு பாண்டைப் பாப்பாரு. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை ரெண்டு கையால நிறுத்திப் புடிச்சுகினு நடக்கறவனுக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது, அதுலயும் ஆடி மாசக் காத்து அடிச்சா ஷீட்டு பாய் மாதிரி ஆளையே தள்ளிகினு போகும். இவங்கள்ல யாரு அஜாக்கிரதை சொல்லுங்க? வேலைய ஒழுங்கா செஞ்சவங்க தான் எல்லாரும். நம்ம வேலூர் வெயில் வேற, சித்திரை வைகாசில 40 டிகிரி தாண்டற ஊர், பகல் பன்னெண்டு மணிக்கு வெள்ளையா அடிக்கற தளத்து மேல நின்னு பாருங்க, ஓரம் எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே கண்ணுக்குப் புரியாது, தலை சுத்தல் வேற.

கணக்கு ஒண்ணு சொல்றேன். 10 அடி உசரத்துலேர்ந்து விழுந்தா தரைய தொட ஆகற நேரம் 0.8 செகண்ட். தரைல மோதற வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். ரெண்டாவது மாடி, 20 அடின்னா மணிக்கு 39. "அய்யோ"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கீழ இருப்போம், எதையாவது எட்டிப் புடிச்சிடலாம்ங்கறதெல்லாம் நடக்காத காரியம். 10 அடி தானேன்னு சொல்றவங்க யாராவது இருந்தா எங்க நைனா மாடிப்படி எறங்கறதை ஒரு தடவை வந்து பாக்கட்டும்.

வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மறுவாழ்வு மையம் இருக்கு, 1966-ல டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால வந்தது. அவங்களே 1954-ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, வீல்சேர்ல உக்காந்தபடியே ஆபரேஷன் பண்ணவங்க. நைனாவைப் பாக்க வந்த தூரத்து சொந்தம் ஒருத்தரு அந்த மையத்துல இருந்தாரு, அவரும் கட்டட வேலை தான், சாரத்துலேர்ந்து விழுந்தவரு, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அவரு நைனா கையப் புடிச்சுகினு "உனுக்கு கால் கீது அண்ணா"ன்னு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு.

சரி, கைப்பிடின்னா என்ன, எப்டி இருக்கணும்.

மூணு பாகம். மேல் கம்பு, நடு கம்பு, அடில ஒரு பலகை. மேல் கம்பு தரைலேர்ந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல, மூணே கால், மூணரை அடி வரணும். அமெரிக்கால சட்டப்படி 42 இஞ்ச், 3 இஞ்ச் கூட கொறைய இருக்கலாம். இங்கிலாந்துல கொறஞ்சது 950 மில்லிமீட்டர், அதோட ரெண்டு கம்புக்கு நடுவுல சந்து 470 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. நம்ம நாட்டுலயும் தரைத் திறப்பு, கைப்பிடி, அடிப்பலகை இதுக்குன்னே ஐஎஸ் 4912-னு ஒரு தரநிலை 1978-லயே இருக்கு. எல்லா ஊர்லயும் ஏறக்குறைய ஒரே உசரம் ஏன் வருதுன்னா அதுக்குக் காரணம் நம்ம ஒடம்பு. நின்னுகினு இருக்கற மனுஷனோட மொத்த எடையும் கூடற புள்ளி தொப்புளைச் சுத்தி தான் இருக்கு. அஞ்சரை அடி ஆளுக்கு அது தரைலேர்ந்து 90, 95 சென்டிமீட்டர் வரும். கம்பு அதுக்கு மேல இருந்தா சாயற ஒடம்பை உள்ள தள்ளும். அதுக்குக் கீழ, முட்டி உசரத்துல ஒரு கம்போ கயிறோ கட்டினா அது தடுக்காது, தடுக்கி விடும். கால் அங்க நிக்கும், தலை வெளில போகும். கட்டாம விட்டதை விட மோசம் அது, தயவு செஞ்சு முட்டி உசரத்துல எதையும் கட்டி வெச்சு "சேஃப்டி பண்ணிட்டோம்"னு நெனக்காதீங்க. செவப்பு வெள்ளை ரிப்பன் சுத்தறதும் அப்டித் தான், அது எச்சரிக்கை மட்டும் தான், ஆள் சாஞ்சா தாங்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

நடு கம்பு எதுக்குன்னா உக்காந்து வேலை செய்யறவங்களுக்கு. கம்பி கட்றவரு நாள் பூரா குந்திகினு தானே இருக்காரு, வழுக்கினா மேல் கம்புக்கு அடில புகுந்து போயிடுவாரு. அடிப்பலகை பாதி நமக்கு, கால் வழுக்கி வெளில போகாம இருக்க, பாதி கீழ இருக்கறவங்களுக்கு, செங்கல் துண்டு சுத்தி கொறடு எதுவும் உருண்டு அவங்க தலைல விழாம இருக்க. அமெரிக்கால 9 சென்டிமீட்டர் கொறஞ்சது, ஐரோப்பால 15 கேக்கறாங்க. நம்ம கிட்ட பழைய சென்ட்ரிங் பலகை, அதாவது கான்கிரீட் ஊத்த அடில அடிக்கற பலகை, ஆறு இஞ்ச் அகலத்துல கெடக்கும், அதை நிறுத்தி வெச்சா போதும்.

பலம் எவ்ளோ வேணும்னா, மேல் கம்பை வெளிப்பக்கம் தள்ளினா 200 பவுண்டு, அதாவது ஒரு 90 கிலோ தாங்கணும்ங்கறது அமெரிக்கா கணக்கு. நான் அதைத் தான் வெச்சுக்கறேன், ஒரு ஆள் வேகமா வந்து சாஞ்சா அவ்ளோ வரும். ஆனா இதுல எல்லாரும் கோட்டை விடற எடம் கம்பு இல்ல, அடில போஸ்ட் நிக்கற எடம். ஒரு மீட்டர் மேல 90 கிலோ தள்ளினா போஸ்ட்டோட வேர்ல அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அஞ்சு இஞ்ச் சிலாப்ல ஓட்டை போட்டு நட்டா அந்த அஞ்சு இஞ்ச்குள்ள ஓரத்து கான்கிரீட் மேல 700 கிலோவுக்கு மேல அழுத்தும், பச்சைக் கான்கிரீட் பிட்டு வந்துடும். அதே போஸ்ட் பீம்ல பத்து இஞ்ச் ஆழம் எறங்கி இருந்தா பாதியா கொறையும்.

தளம் போட்ட மறு நாள் கான்கிரீட்டுக்கு இருக்கற பலம் முழுசா வர வேண்டியதுல ஆறுல ஒரு பங்கு மாதிரி தான், ஒரு வாரத்துல மூணுல ரெண்டு பங்கு வரும். ஆனா தண்ணி விடறதுக்கு ஆள் மேல ஏறறது மறு நாளே. அதனால தான் நான் கான்கிரீட்டை நம்பி மொதல் கைப்பிடி கட்றதே இல்ல. தளம் போடறதுக்கு முன்னாடியே, சென்ட்ரிங் அடிக்கும்போதே கட்டிடறேன். இது தான் இந்தப் பதிவுல நான் சொல்ல வந்ததே. கைப்பிடிங்கறது தளத்துக்கு அப்புறம் யோசிக்கற விஷயம் இல்ல. சென்ட்ரிங் பலகை மேல மொதல்ல ஏறறது கார்பெண்டர், அப்புறம் கம்பிக்காரங்க நாலஞ்சு நாள், அப்புறம் எலக்ட்ரீஷியன் பைப் போட, அப்புறம் கான்கிரீட் அன்னிக்கு இருபது பேரு ஒரே நேரத்துல, எல்லாரும் அதே ஓரத்துல தான் நிக்கறாங்க.

எப்டி கட்றோம்னு சொல்றேன், எல்லாம் சைட்ல இருக்கற சாமான் தான். சென்ட்ரிங்கைக் கீழேர்ந்து தாங்கற வெளி வரிசை முட்டு இருக்குல்ல, அது கூடவே ஆறு அடிக்கு ஒண்ணு நீளமான சவுக்கு கம்பு, தரைலேர்ந்து ஆரம்பிச்சு தளத்து மட்டத்துக்கு மேல மூணரை அடி நிக்கற மாதிரி, தளத்து ஓரத்துக்கு வெளில. அதை முட்டோட மேல கீழ ரெண்டு எடத்துல இறுக்கிக் கட்டணும், கீழ மண்ணுல ஒரு அடி பொதைக்கணும். குறுக்க ரெண்டு வரிசை சவுக்கு, போஸ்ட்டுக்கு உள்பக்கமா, அப்போ தான் ஆள் சாயும்போது கட்டு மேல இல்லாம போஸ்ட் மேல பாரம் ஏறும். கட்டுக்கம்பி ஒத்தையா ஒரு முறுக்கு முறுக்கி விட்டா அது கட்டு இல்ல, ரெட்டையா மூணு சுத்து சுத்தி கொறடால இறுக்கணும், முனைய உள்ள மடக்கி விடணும், இல்லன்னா சித்தாளுங்க பொடவை கிழியும் கை கிழியும். மூலைல கம்புங்க ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகணும். ஜோடிக்கற எடம் போஸ்ட்ல தான் வரணும், நடுவுல வரக் கூடாது.

30க்கு 40 வீடுன்னு வெச்சுக்கோங்க. சுத்தளவு 140 அடி, ஆறு அடிக்கு ஒண்ணுன்னா 24 போஸ்ட். மேல் கம்பு நடு கம்பு சேத்து 280 அடி, பன்னெண்டு அடி கம்புன்னா ஒன்னு மேல ஒன்னு ஏறி வர்றதையும் சேத்து ஒரு 28. ரெண்டு பேரு அரை நாள் வேலை. சவுக்கு வாடகைக்கு வர்றது தான், அடுத்த தளத்துக்கும் அதே கம்பு. ஒரு வீட்டு செலவுல இது எங்க இருக்குன்னு தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது, வீட்டு முகப்புல ஒட்டற டைல்ஸ்ல ஒரு பெட்டி கொறச்சா முடிஞ்சுது.

சென்ட்ரிங் பிரிக்கும்போது இந்த போஸ்டும் சேந்து போயிடும், அதுக்கு ரெண்டாவது ஏற்பாடு. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி ஓரத்து பீம்ல ஆறு அடிக்கு ஒரு ரெண்டு இஞ்ச் பிவிசி பைப் துண்டு நிறுத்தி வெச்சிடறேன், உள்ள பேப்பர் அடைச்சு, பீம் கம்பி எதையும் வெட்டாம நகத்தாம. இன்ஜினியர் கிட்ட காட்டிட்டு தான் வைக்கறது. பத்து நாள் கழிச்சு அதுல ஒன்னரை இஞ்ச் இரும்பு பைப் எறக்கினா போஸ்ட் ரெடி, ஆப்பு அடிச்சு இறுக்கிட்டு குறுக்கு கம்பைக் கட்டிட்டு, அப்புறம் தான் முட்டைப் பிரிக்க விடுவேன். நடுவுல ஒரு நாள் கூட ஓரம் தொறந்து கெடக்கக் கூடாது. காலம், அதாவது தூண், அதோட கம்பி மேல நீட்டிகினு இருக்குமே, அதுல கட்டிடலாம்னு சில பேரு சொல்லுவாங்க. கான்கிரீட் இல்லாத வெறும் கம்பி ஒரு ஆள் சாஞ்சா வளஞ்சுடும், நம்பாதீங்க. அந்தக் கம்பி முனைங்களுக்கு மேல ஏதாவது மூடி போடறதும் நல்லது, விழுந்தவன் குத்துப்பட்டா அது வேற கொடுமை.

கட்டினதும் சோதிக்கணும். மேல நின்னு சாஞ்சு பாக்கறது இல்ல, அப்டி பாக்கவே பாக்காதீங்க. மேல் கம்புல கயிறு கட்டி கீழ தரைலேர்ந்து ரெண்டு பேரு வெளிப்பக்கமா இழுத்துப் பாக்கறது. ஆடினா போஸ்ட் சரியில்ல, சத்தம் வந்தா கட்டு சரியில்ல. எங்க சைட்ல புதுசா வந்த மேஸ்திரி ஒருத்தரு மொதல் தடவை இதப் பாத்துட்டு "இன்னா பாப்பா, தளத்துக்கு வேலி கட்டி மாடு மேய்க்கப் போறியா"ன்னாரு. நான் பதில் சொல்லல. கான்கிரீட் அன்னிக்கு மிக்சர் ஆளுங்க அவசரத்துல ஒரு பையனை இடிச்சுட்டாங்க, அவன் போய் நடு கம்புல முதுகு மோதி உக்காந்தான். வயசு இருபது கூட இருக்காது, ஒடிசா பையன். எழுந்து பேண்ட்டைத் தட்டிகினு திரும்ப பாண்டைத் தூக்கினான். மேஸ்திரி பாத்தாரு. மறு வாரம் படிக்கட்டு எடத்துல அவரே கட்டி வெச்சிருந்தாரு, யாரும் சொல்லல.

படிக்கட்டு சொன்னதும் தான் ஞாபகம் வருது, வெளி ஓரத்தை விட உள்ள இருக்கற ஓட்டைங்க ஆளை ஏமாத்தும். படிக்கட்டு வர்ற திறப்பு, பாத்ரூம் பைப் எறங்கற டக்ட், லிப்ட் குழி, பால்கனி வாசல். டக்ட் மேல ஒரு பிளைவுட் போட்டு மூடிடுவாங்க. ஒரு நாள் யாருக்கோ பிளைவுட் தேவைப்படும், குனிஞ்சு தூக்குவான், தூக்கின ஷீட்டு கண்ணை மறைக்க ஒரு அடி முன்னாடி வைப்பான், நேரா குழிக்குள்ள. மூடி போட்டா ஆணி அடிச்சு நகராம பண்ணணும், மேல பெயிண்ட்ல பெருசா பெருக்கல் குறி போடணும். எழுத்து மட்டும் எழுதினா பத்தாது, நம்ம சைட்ல பாதி பேரு இந்தி, ஒடியா, சித்தூர் பக்கத்துலேர்ந்து வர்றவங்க தெலுங்கு. எல்லாருக்கும் சொல்லியும் காட்டணும். குழி பெருசா இருந்தா மூடியை நம்பாம சுத்தி கைப்பிடியே கட்டிடறது.

அப்புறம் சாமான் ஏத்தற எடம். கட்டி வெச்ச கைப்பிடி காணாம போற எடம் எப்பவும் இது தான். செங்கல் ஏத்தணும்னு ரெண்டு கம்பை அவுப்பாங்க, ஏத்தி முடிச்சதும் டீ வந்துடும், கம்பு அங்கயே கெடக்கும், மத்தியானம் வேற ஒருத்தன் அங்க கம்பு இருக்குன்ற நெனப்புல சாய்வான். அதனால சாமான் ஏத்தறதுக்குன்னு ஒரே ஒரு எடம் ஒதுக்கி, அங்க மட்டும் தூக்கி மாட்டற மாதிரி கம்பு, அதுக்கு ஒரே ஒரு ஆள் பொறுப்பு. அவரு இடுப்புல மட்டும் இல்லாம தோள் தொடை எல்லாம் சுத்தி வர்ற முழு பெல்ட் போட்டு, உள்ள முடிஞ்ச காலம்ல கயிறை நீளம் கொறச்சுக் கட்டிகினு நிப்பாரு, ஓரத்தைத் தாண்டாத அளவுக்கு.

"பெல்ட் இருக்கே, அப்புறம் எதுக்கு கைப்பிடி"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். சாதாரணமா வர்ற பெல்ட் கயிறு ஆறு அடி. விழும்போது அதிர்ச்சி தாங்கற பகுதி பிரிஞ்சு இன்னும் மூணு அடி நீளும். அதுக்குக் கீழ நம்ம ஒடம்பு அஞ்சடி. கூட்டிப் பாருங்க, பத்தடி மாடிலேர்ந்து விழறவனை அந்த கயிறு புடிக்கறதுக்கு முன்னாடியே தரை புடிச்சிடும். பெல்ட் வேணாம்னு சொல்லல, உசரமான கட்டடத்துல கண்டிப்பா வேணும், ஆனா அதை மாட்டணும், கொக்கிய நல்ல எடத்துல போடணும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆளும் ஞாபகமா செய்யணும். கைப்பிடி ஒரு தடவை கட்டினா தண்ணி விடற அக்காவுக்கும், பட்டம் விட ஏறின பையனுக்கும், வீட்டைப் பாக்க வந்த மாமனாருக்கும் சேத்து நிக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சில பேரு கேட்டாங்க. கட்டடத் தொழிலாளருக்குன்னு தனிச் சட்டம் 1996-ல வந்துச்சு, 2025 வரைக்கும் இருந்துச்சு, ஆனா அதுல பத்து பேருக்குக் கொறஞ்ச வேலையும், 10 லட்சத்துக்குள்ள சொந்த வீடு கட்றவங்களையும் வெளில விட்டிருந்தாங்க. நம்ம தெருவுல நடக்கற வேலைல இன்ஸ்பெக்டரு வந்து பாத்ததை நான் ஒரு தடவையும் கண்டதில்ல. தமிழ்நாட்டுல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேர்ந்து இருக்கு, பிளான் அப்ரூவலுக்குப் போகும்போது மதிப்பீட்டுல 1 சதவீதம் நல நிதின்னு நாம கட்றோமே, அது அவங்களுக்குத் தான் போவுது. உங்க வீட்ல வேலை செய்யறவங்க வாரியத்துல பதிஞ்சிருக்காங்களா, புதுப்பிச்சிருக்காங்களான்னு கேளுங்க. எங்க நைனா பதிஞ்சிருந்தாரு, புதுப்பிக்கல, விழுந்தப்போ அது எங்களுக்கு ஒதவல.

வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பணம் தீந்துடுச்சுன்னு தளம் போட்டதோட வேலைய நிறுத்தி வெச்சிருக்கற வீடு சத்துவாச்சாரிலயும் அரியூர் பக்கமும் எத்தனை இருக்குன்னு நீங்களே பாத்திருப்பீங்க. கைப்பிடிச் சுவர் அடுத்த வருஷம்னு விட்டுடறாங்க, கேட்டா யாருக்கும் பொறுப்பு இல்ல, காண்ட்ராக்டர் தன் வேலை முடிஞ்சுதும்பாரு, வீட்டுக்காரரு நாங்க மேல போறதே இல்லையேம்பாரு. ஆனா துணி காயப் போட, வத்தல் போட, சாயங்காலம் காத்து வாங்க எல்லாரும் போவாங்க, குழந்தைங்க சொல்லவே வேணாம். லேபர் காண்ட்ராக்ட் எழுதும்போதே, சென்ட்ரிங்கோட சேத்து ஓரத்துல கைப்பிடி கட்டணும், நிரந்தர சுவர் எழும்பற வரைக்கும் அது நிக்கணும்னு ஒரு வரி எழுதிடுங்க. சுவர் எழும்பின அன்னிக்கே கம்பைப் பிரிக்காதீங்க. நாலரை இஞ்ச் சுவர், கலவை ஈரமா இருக்கறப்ப சாஞ்சா சுவரோட சேந்து விழுவோம், ஒரு வாரம் போகட்டும்.

அந்த எதிர் வீட்டு கதைய முடிக்கல. அன்னிக்கே அந்த அக்கா கிட்டயும் அவங்க வீட்டுக்காரர் கிட்டயும் பேசினேன், அவரு எங்கயோ கம்பெனில ஷிப்ட், பாவம், கேட்டதும் மொகம் வெளுத்துடுச்சு. அவங்க மேஸ்திரி கிட்ட சொன்னா "நாளைக்குப் பாக்கலாம்"னாரு. நாளைக்கு வரைக்கும் அக்கா மேல போகாம இருக்கணுமே, தளத்துக்குத் தண்ணியும் வேணும். சாயங்காலமே எங்க சைட்ல மிச்சம் இருந்த சவுக்கை எடுத்துகினு போயி நானும் எங்க ஆளுங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் கட்டிட்டோம், மீதி ரெண்டு பக்கம் ஓரத்துலேர்ந்து நாலு அடி உள்ள தள்ளி சும்மா செங்கல் வரிசை வெச்சு, அதுக்கு அந்தாண்ட போகவே கூடாது, உள்ள நின்னே பீச்சி அடிங்கன்னு சொன்னோம். புதன்கிழமை மேஸ்திரி ஆளுங்க வந்து மீதியக் கட்டினாங்க.

ஞாயித்துக்கிழமை நைனாவை வண்டில கூட்டிகினு போயி காட்டினேன். படி இன்னும் பூசல, ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை நின்னு நின்னு ஏறினாரு, நான் கை குடுத்தா வாங்கல. மேல வந்து சுத்திப் பாத்தாரு. ஓரத்துக்குப் போக மாட்டாருன்னு நெனச்சேன், விழுந்ததுக்கு அப்புறம் அவரு எந்த மாடி ஓரத்துக்கும் போனதில்ல. நேரா போனாரு. மேல் கம்பை ரெண்டு கையால புடிச்சு ஆட்டினாரு, ஒவ்வொரு போஸ்டா, கட்டு மேல பெருவெரலை வெச்சு அழுத்திகினே ஒரு பக்கம் பூரா நடந்தாரு. அந்த அக்கா டீ கொண்டாந்து குடுத்தாங்க, கம்பு மேல டம்ளரை வெச்சுட்டு நின்னுகினே குடிச்சாரு.

அப்புறம் என்னைக் கூப்ட்டாரு. "இந்த மூணாவது போஸ்ட்ல நடு கட்டு தளந்து கீது பாரு. கொறடு எடு."

எடுத்துகினு போனேன்.